எந்தெந்தப் பரீட்சை எழுதணும், டீச்சர்?

"பாப்பாவை எந்தெந்தப் பரீட்சைக்கெல்லாம் எழுதிப் போடலாமுங்க, டீச்சர்?"

காலாண்டுப் பரீட்சை முடிந்து மார்க் கைக்கு வந்ததும் இந்தக் கேள்வி என் வீட்டுக்கு வந்துவிடும். ராசிபுரம் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கேட்க வருகிறவர்களில் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள் உண்டு; லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், தறி ஓட்டுபவர்கள், சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. கையில் ஒரு பை. அதற்குள் மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். சொந்தக்காரர் யாராவது "எல்லாத்துக்கும் போட்டு வைங்க, எதுலயாச்சும் கெடைக்கும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அந்த யோசனையை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. எல்லாவற்றுக்கும் போடுவது என்றால் என்ன என்று பாருங்கள். ஜனவரியில் ஜேஇஇ மெயின் முதல் கட்டம். பிப்ரவரியில் பள்ளியில் செய்முறைத் தேர்வு. மார்ச் முழுக்கப் பொதுத்தேர்வு. ஏப்ரலில் ஜேஇஇ இரண்டாம் கட்டம். மே முதல் ஞாயிறையொட்டி நீட். அதன் பின்னாலேயே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், அறிவியல் ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசருக்கு ஒரு தேர்வு, கட்டடக்கலைக்கு நாட்டா. சட்டம் படிக்க ஆசையிருந்தால் கிளாட் டிசம்பரிலேயே வந்துவிடும். இதுபோக ஒவ்வொரு தனியார் பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒன்று வைக்கிறது. 17 வயதுப் பிள்ளை இத்தனையையும் ஒரே வருஷத்தில் எழுதினால் எதையுமே ஒழுங்காக எழுத முடியாது.

அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மார்க்கை அல்ல. "பாப்பா என்னவாகணும்னு சொல்லுது?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அப்பா பதில் சொல்ல ஆரம்பிப்பார். "தம்பி, நீங்க இருங்க. அம்மிணி சொல்லட்டும்" என்பேன். அம்மிணி வாய் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது: தமிழ்நாட்டில் பெரும்பாலான படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. ப்ளஸ் டூ மார்க் போதும். பொறியியலுக்குக் கணிதத்தை 100க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50க்கும் கணக்கிட்டு 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். அதை வைத்துக் கவுன்சிலிங். 1966இல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரியும் சரி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியும் சரி, அந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன. வேளாண்மை, மீன்வளம், நர்சிங், பார்மஸி எல்லாவற்றுக்கும் ப்ளஸ் டூ மார்க்தான். சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள அரசுச் சட்டக் கல்லூரிகளுக்கும் அப்படியே.

கால்நடை மருத்துவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாமக்கல் லத்துவாடியில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. ஆனால் "டாக்டர்" என்ற சொல் இருப்பதால் அதற்கும் நீட் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட் கேட்கிறார்கள். மீதி இடங்களுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க் போதும்.

நீட் கட்டாயமாகத் தேவைப்படுவது எம்பிபிஎஸ், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி போன்றவற்றுக்கு. ஜேஇஇ தேவைப்படுவது ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு. க்யூட் தேவைப்படுவது திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு. இந்த இடங்களில் எதற்குமே போகும் எண்ணம் பிள்ளைக்கு இல்லையென்றால் அந்தப் பரீட்சைகளை எழுத ஒரு காரணமும் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஊர் பரீட்சையாலேயே பெயர் வாங்கிய ஊர். 1997 ஜனவரி 1ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். அதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் இங்கே முளைக்க ஆரம்பித்திருந்தன. அடுத்த இருபது வருஷத்தில் தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், பிள்ளை பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் "நாமக்கல்ல கொண்டுபோய் விட்டுடுங்க" என்பது வழக்கமாகிவிட்டது. விடியற்காலையில் எழுப்பி ஸ்டடி, தினம் ஒரு டெஸ்ட், வாரம் ஒரு டெஸ்ட், ரிவிஷன் மேல் ரிவிஷன். ரிசல்ட் வரும் நாளில் மாநில ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் முழுப்பக்கம் வரும்.

அந்த மார்க் எப்படி வந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். சேர்ந்த சில மாதங்களிலேயே ப்ளஸ் டூ புத்தகம் கைக்கு வந்துவிடும். ஒரே புத்தகத்தை ஏறக்குறைய இரண்டு வருஷம் உருப்போட்டால் 1200க்கு 1150 வராமல் என்ன செய்யும்? ப்ளஸ் ஒன்னில் வரும் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், கரிம வேதியியலின் அடிப்படை, தாவரச் செல் எதையும் தொடாமலே பல பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். முதல் செமஸ்டரில் திணறினார்கள். அரசுப் பள்ளியில் ஜூன் முதல் ஏப்ரல் வரை ப்ளஸ் ஒன்னை ஒழுங்காக நடத்திய எங்களுக்கு "ரிசல்ட் குறைவு" என்ற பெயர்தான் மிச்சம்.

நுழைவுத்தேர்வு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ப்ளஸ் டூ முறையே 1978இல் வந்ததுதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984 முதல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு நடந்தது. ப்ளஸ் டூ மார்க் 200க்கும் நுழைவுத்தேர்வு மார்க் 100க்கும் எடுத்து, 300க்குக் கட் ஆஃப். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மார்ச் தேர்வு முடிந்த கையோடு வசதியுள்ள பிள்ளைகள் சேலத்தில் அறை எடுத்துக் கோச்சிங் போவார்கள். என்னிடம் படித்த பெண்கள் களை எடுக்கவோ தறி நெய்யவோ போவார்கள். இரண்டு பேரும் அதே பரீட்சையை எழுதுவார்கள். இந்த ஏற்றத்தாழ்வை ஆராய எம். அனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2006இல் சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்து, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வு ஒழிந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நிஜமான விடுதலை. கூடவே ப்ளஸ் டூ மார்க் ஒன்றே எல்லாமாகிப்போனதால் எங்கள் ஊர் விடுதிப் பள்ளிகளுக்கும் அது பொற்காலம்.

2017இல் நீட் வந்தபோது எல்லாம் தலைகீழானது. நீட்டில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். உருப்போட்ட புத்தகம் பாதிக்கு மேல் கைகொடுக்கவில்லை. அதே வருஷம் அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. மொத்த மார்க் 600 ஆனது. பாடத்திட்டத்தை மாற்றும் குழுவுக்கும் அதே அனந்தகிருஷ்ணன்தான் தலைவராக இருந்தார். 2018 முதல் வந்த புதுப் புத்தகங்களை நான் மனதாரப் பாராட்டுவேன். கனமானவை, ஆனால் யோசிக்க வைப்பவை.

இப்போது 2025–26 முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் ப்ளஸ் ஒன் பாடத்தை மறுபடி ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. உங்கள் பிள்ளை ப்ளஸ் ஒன் படிக்கிறதா? மாலையில் வந்ததும் "இன்னைக்கு எந்தப் புத்தகம் நடத்துனாங்க?" என்று கேளுங்கள். எந்தப் பரீட்சை எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த ஒரு வருஷப் பாடம் பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்து.

பொதுத்தேர்வுக்கும் நுழைவுத்தேர்வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரே ஒரு கேள்வியைக் காட்டுவேன். ப்ளஸ் டூ இயற்பியலில் மின்னோட்டவியல் என்று ஒரு பாடம். பொதுத்தேர்வில் 5 மார்க் கேள்வியாக, மின்தடையாக்கிகளைத் தொடராகவும் பக்கமாகவும் இணைத்தால் தொகுபயன் மின்தடை என்ன என்று கேட்பார்கள். படம் போட்டு, நாலு சமன்பாடு எழுதி, கடைசி வரியைக் கட்டம் கட்டினால் முழு மார்க். பாதி எழுதினாலும் பாதி மார்க் உண்டு. நன்றாகப் படித்த பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடும்.

அதே பாடத்திலிருந்து நுழைவுத்தேர்வில் வருவது இப்படி இருக்கும்: ஒரு கம்பியின் மின்தடை 10 ஓம். அதன் நீளம் இரண்டு மடங்காகும்வரை சீராக இழுத்தால் புதிய மின்தடை என்ன? நீளம் இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு என்று எல்லாப் பிள்ளைகளும் சட்டென்று 20 என்பார்கள். 20 என்ற விடையும் நாலு விடைகளில் ஒன்றாகக் கண்முன்னே இருக்கும். ஆனால் கம்பியை இழுத்தால் அது நீளுவது மட்டுமல்ல, மெலியவும் செய்யும். உலோகம் அதே உலோகம், கன அளவும் அதேதான். நீளம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு பாதியாகும். மின்தடை நீளத்துக்கு நேர் விகிதம், பரப்புக்குத் தலைகீழ் விகிதம். ஆக நாலு மடங்கு. விடை 40 ஓம். புத்தகத்தில் இல்லாத எதையும் கேட்கவில்லை. ஆனால் புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு வராது. கொலுசுப் பட்டறையில் வெள்ளிக் கம்பி இழுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு ஒருவேளை உடனே பொறி தட்டலாம்.

நீட்டில் இப்படி 180 கேள்விகள், 180 நிமிஷம். சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 மார்க் பிடித்துக்கொள்வார்கள், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. மொத்தம் 720. பொதுத்தேர்வில் "தெரியலைன்னாலும் ஏதாச்சும் எழுதிட்டு வா" என்றுதான் நாங்கள் சொல்லி அனுப்புவோம். அங்கே அது லாபம். இங்கே அதுவே நஷ்டம். எதை விடுவது என்று தெரிவதுதான் இங்கே பாதிப் படிப்பு. அதை ஏப்ரல் மாதக் கிராஷ் கோர்ஸில் யாராலும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. ப்ளஸ் ஒன்னில் சேர்ந்த நாளிலிருந்து பாடத்தோடு பாடமாக வர வேண்டிய பழக்கம் அது.

நீட் வேண்டாம் என்பதே என் கருத்து. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுபடி படித்து எழுதிய ரிப்பீட்டர்கள், 2016–17இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020–21இல் சுமார் 71 பேர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு டாக்டர் சீட் வாங்குவது என்பது அந்த நாலு வருஷத்தில் அருமையாகிப்போனது. சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் விலக்கு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. என் கருத்து எதுவானாலும், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த மே மாதம் அந்தப் பரீட்சை நடக்கத்தான் போகிறது. அவளுக்கு இன்றைக்குள்ள நிலையை வைத்துத்தான் வழி சொல்ல வேண்டும்.

ரிப்பீட்டர் என்ற சொல்லோடு ஒரு பெரிய வியாபாரமும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு வருஷ "லாங் டெர்ம்" விடுதி. 2019 அக்டோபரில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கல்விக் குழுமத்தில் சோதனை போட்ட வருமான வரித்துறை, கணக்கில் வராத ரொக்கம் மட்டும் 30 கோடி ரூபாய் பிடித்ததாக அறிவித்தது. அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து வந்தது? மாடு விற்றவர், வண்டியை அடமானம் வைத்தவர், மகளுக்குச் சேர்த்த நகையை விற்றவர் எல்லோருடைய பணமும் இப்படிப்பட்ட வியாபாரத்துக்குள்தான் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். அப்பா ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போய் போர் போடுகிறவர். மகள் டாக்டராக வேண்டும் என்று அவருக்கு ஆசை, தப்பில்லை. முதல் முறை கிடைக்கவில்லை. லாங் டெர்ம் சேர்த்தார். இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. மறுபடி சேர்த்தார். மூன்றாவது ரிசல்ட் வந்த பிறகு அவள் என்னிடம் வந்து, "மிஸ், எனக்கு வரலாறு பிடிக்கும்னு நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல" என்றாள். 20 வயதில் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. முதல் வருஷம் சேர்ந்தாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு வருஷம் அவளுக்குத் திரும்பக் கிடைக்காது. அவள் ஆசையை ஆரம்பத்திலேயே ஒருவர் கேட்டிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் பிறந்து, கீழே வந்து விடுதியில் தங்கி, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். மாதிரித் தேர்வில் 720க்கு 200ஐத் தாண்டவே சிரமப்பட்டாள். "உனக்கெதுக்கு நீட்டு, நர்சிங் போ" என்றுதான் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். நான் எழுதியே ஆக வேண்டும் என்றேன். காரணம் 7.5 சதவீதம்.

2020இல் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது, நீதிபதி பொ. கலையரசன் குழுவின் பரிந்துரையை வைத்து இந்தச் சட்டம் வந்தது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியாக. அதற்கு முந்தைய வருஷங்களில் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருஷமே எம்பிபிஎஸ்ஸிலும் பல் மருத்துவத்திலும் சேர்த்து சுமார் 400 பேருக்கு இடம் கிடைத்தது. கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. இந்த வரிசையில் தேவைப்படும் மார்க், பொதுவான வரிசையைவிட வெகுவாகக் குறைவு. ஆகவே "700 எடுத்தாத்தான் சீட்டு" என்று விளம்பரப் பலகை சொல்வதை அரசுப் பள்ளிப் பிள்ளை நம்பவே கூடாது. கொல்லிமலைப் பெண் தமிழிலேயே எழுதினாள். உயிரியலை மட்டும் முழுசாக நம்பி, இயற்பியலில் தெரிந்ததை மட்டும் தொட்டாள். அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒதுக்கீடு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ப்ளஸ் ஒன்னில் மட்டும் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் பலனில்லை. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 2021 முதல் இந்த 7.5 சதவீதம் உண்டு. அவற்றுக்கு நுழைவுத்தேர்வும் இல்லை.

ஜேஇஇ பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். கணக்குப் போடுவதில் நிஜமான சுகம் காணும் பிள்ளையாக இருந்தால் எழுதட்டும். திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ப்ளஸ் டூவில் 75 சதவீதம் இல்லாவிட்டால் ஜேஇஇ ரேங்க் இருந்தும் என்ஐடிக்குள் நுழைவது கஷ்டம் என்பதை மறக்க வேண்டாம். க்யூட்டை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. வரலாறு, பொருளியல், மொழி, அடிப்படை அறிவியல் படிக்க விரும்பி, வெளியூர் போகவும் தயாராக இருக்கிற பிள்ளைக்கு அது நல்ல வழி.

என் தங்கை மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் மகன் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு. "பெரியம்மா, இவனை எத்தனை ஏபி எழுத வைக்கலாம்?" என்று போனில் கேட்டாள். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம் அது. காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950களிலிருந்து நடத்துகிறது. கல்லூரி முதல் வருஷத் தரத்தில் ஒரு பாடத்தைப் பள்ளியிலேயே வருஷம் முழுக்க நடத்தி, மே மாதம் பரீட்சை வைப்பார்கள். மார்க் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகவே கணக்கில் வைத்து கிரெடிட் கொடுக்கும். சில கல்லூரிகள் 4, 5 கேட்கும். சிலது எதுவுமே கொடுக்காது. ஒரு பரீட்சைக்குச் சுமார் 100 டாலர்.

அவளிடமும் இங்கே கேட்பதையே கேட்டேன்: அந்தப் பரீட்சை எழுதினால் என்ன கிடைக்கும்? கடைசி வருஷப் பிள்ளைக்கு மே மாதத்துக்குள் கல்லூரி இடம் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அப்படியானால் அந்தப் பரீட்சை சேர்க்கைக்கு அல்ல, கிரெடிட்டுக்கு. சேரப் போகும் கல்லூரி எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மார்க் கேட்கிறது என்று பார்த்து, அதை மட்டும் எழுதட்டும் என்றேன். அவள் அனுப்பிய ஒரு தகவல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. வகுப்பில் அந்த ஆசிரியர் வருஷம் முழுக்க நடத்திய பாடத்தைத்தான் அங்கே பரீட்சை வைக்கிறார்கள். கோச்சிங்குக்கென்று தனி ஊர், தனி விடுதி கிடையாது. இங்கே பள்ளி ஒன்றை நடத்துகிறது, பரீட்சை வேறொன்றைக் கேட்கிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் அப்பாவின் பணமும் பிள்ளையின் தூக்கமும் போகின்றன.

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் படிப்பைத் தொட்டுப் பார்க்க நம் பக்கத்திலும் ஒரு வழி வந்திருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் ஆன்லைன் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நாலு வாரப் பாடத்தை அவர்களே நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். ப்ளஸ் ஒன் ஆண்டுத் தேர்வை முடித்த பிள்ளையே அதை எழுதலாம். தேறினால் ப்ளஸ் டூ முடித்த பிறகு சேர்ந்துகொள்ளலாம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், கணக்கில் தைரியம் வேண்டும். ப்ளஸ் ஒன் முடிந்த மே மாத விடுமுறையில் முயன்று பார்க்க உகந்தது. ப்ளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கும்போது வேண்டாம்.

ஆக, என் வாசலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முடிவு ஏறக்குறைய இதுதான். பொதுத்தேர்வுதான் முதலில். மார்ச் மாதம் முடியும்வரை அதை வேறு எந்தப் பரீட்சையும் தின்றுவிட விடாதீர்கள். அதற்கு மேல் ஒரே ஒரு பெரிய நுழைவுத்தேர்வு. அதுவும் பிள்ளை தன் வாயால் கேட்ட படிப்புக்கு. 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, உயிரியல் எடுத்து, மருத்துவ ஆசையும் இருந்தால், மாதிரித் தேர்வு மார்க் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நீட் எழுதட்டும். கட்டணத்தையும் போக்குவரத்தையும் தவிர இழப்பதற்கு எதுவுமில்லை. ரிப்பீட் செய்வதென்றால் ஒரு முறை மட்டும், அதுவும் முதல் முறை மயிரிழையில் தவறியிருந்தால் மட்டும்.

நுழைவுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் ரிசல்ட் வரும் வாரம் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் கூடவே இருங்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவர். நீட்டால் டாக்டர் சீட் கிடைக்காமல் போக, 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அவருக்குப் பிறகும் பல பிள்ளைகளை இழந்திருக்கிறோம். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் 104க்கு போன் போடுங்கள். மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இனி உடனே செய்ய வேண்டிய வேலை. ஜேஇஇ முதல் கட்ட விண்ணப்பம் அக்டோபர் கடைசியில் திறந்து நவம்பரில் முடிந்துவிடும். நீட் விண்ணப்பம் பிப்ரவரி வாக்கில் வரும். கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டிக்கு 1,000 என்று சமீப வருஷங்களில் வாங்கியிருக்கிறார்கள். நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இந்தத் தேர்வுகளுக்குச் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும், அதையும் அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கும் இப்போதே எழுதிக் கொடுங்கள். 6ஆம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் போனஃபைட் வாங்கி, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் போனால் பள்ளிகள் விடுமுறையில் இருக்கும்.